மருந்தறையின் பதினொரு மணிப் பசி

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, மருந்துக் குட்டி சாயுது! பிடிங்கோ, பிடிங்கோ!"

நான் திரும்புவதற்குள் ஞானசெல்வம் தரையில் கிடந்தாள். அவள் கையிலிருந்த அளவுக் கண்ணாடி உடைந்து, ஓமத் தண்ணீரின் வாசனை அறை முழுவதும் பரவியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, "மேட்ரன் அம்மா பாத்துட்டாங்களா அக்கா?" என்றுதான்.

பார்த்துவிட்டார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இது ரெண்டாமத்த வட்டம்," என்றார் மேட்ரன் அம்மாள். அவர் மார்த்தாண்டத்துக்கு மேற்கே பிறந்தவர். கோபம் வந்தால் பேச்சில் மலையாளப் பாட்டின் இழுவை கூடுமே தவிர, குரல் உயராது. "விஷமும் மருந்தும் ஒரே அலமாரியில இருக்குத இடம் இது. நிக்க முடியாத பிள்ளைக்கு இந்த ஜோலி எதுக்கு? இனி ஒருக்கா விழுந்தா ஊருக்கு எழுதிப் போடுவேன். வந்து கூட்டிட்டுப் போவட்டு."

செல்வம் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் மாத்திரை உருட்டும் பலகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, தாம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், பதினொரு மணியானால் காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதாகவும் எழுதியிருக்கிறார். "காலை முதல் மத்தியானம்வரை நின்றுகொண்டே வேலை செய்தீர்களே, இடையில் வாயில் போட என்ன வைத்திருந்தீர்கள்?" என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் செல்வம் விழுந்த அந்தக் காலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜன்னலுக்கு உட்புறம்

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் பகுதியின் மருந்தறையில் அப்போது இருந்தேன். கம்பவுண்டர் பரீட்சை தேறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஞானசெல்வம் எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவள். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மழைக்காலம் முடிந்ததும் அவளுக்குப் பரீட்சை.

ஆறு மணிக்கு விடுதியில் கஞ்சி. பிறகு ஜெபம். ஏழு மணிக்கு ஜன்னலைத் திறப்போம். வரிசை தீர்ந்தால்தான் மூடலாம். அது ஒரு மணியாகவும் இருக்கும், இரண்டரையாகவும் இருக்கும்.

மருந்துக்குச் சீசா கொண்டுவருவது நோயாளியின் பொறுப்பு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ச் சீசா, பன்னீர்ச் சீசா, எதற்கு இருந்தது என்று கேட்கக் கூடாத சீசா, எல்லாம் வரும். கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவித்தான் ஊற்ற வேண்டும். செல்வம் ஜன்னலில் நின்று வாங்குவாள், கழுவுவாள், ஊற்றுவாள். நான் பின்னால் மேசையில் கலப்பேன், அரைப்பேன், பொடி மடிப்பேன். ஒருவர் நகர்ந்தால் வேலை நின்றுவிடும்.

ஆண்கள் பகுதிக் கம்பவுண்டர்கள் பதினொரு மணிக்கு எதிரேயிருந்த காப்பிக்கடைக்குப் போய் இரண்டு தோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். எங்களை யாரும் போகக் கூடாது என்று சொன்னதில்லை. பெண்கள் அங்கே போய் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பதினொரு மணிக்கு எங்கள் அறையில் ஒரு மாற்றம் நடக்கும். என் நாக்கு கூர்மையாகும். செல்வத்தின் கை மெதுவாகும். மேலுதட்டில் வேர்வை பொடிக்கும். அதற்குமேல் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது.

ஊருக்கு அனுப்பிவிட்டால் அவள் திரும்பி வர முடியாது. "பெண்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சீசா கழுவுற வேலை?" என்று அவளுடைய அத்தான் முதலிலிருந்தே சொல்லிவந்தார். அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் ஊரிலிருந்து இப்படி ஒரு படிப்புக்கு வந்த முதல் பெண் அவள். அடுத்த பெண்ணை அனுப்பவும் யோசிப்பார்கள்.

"ஏட்டி, காலையில கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டேன்.

"குடிச்சேன் அக்கா."

"ஒழுங்கா குடிச்சியா?"

"சட்டியே காலி அக்கா."

பொய் சொல்கிற முகமாக இல்லை. அவளுக்குக் கஞ்சி போதவில்லை, இடையில் இன்னொன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. அன்று மாலை என் மனத்தில் ஓடிய நிபந்தனைகள் இவை.

ஒரே வாயில் போகவேண்டும். இலை, சட்டி, கரண்டி எதுவும் கூடாது. கடிக்கும்போது ஓசை வரக் கூடாது. ஒழுகக் கூடாது, உதிரக் கூடாது. கீழே விழும் ஒரு துணுக்கு யாருடைய பொடி மருந்திலும் சேர்ந்துவிடலாம். எறும்பும் ஈயும் வரக் கூடாது. ஒரு முறை செய்தால் ஒரு வாரம் கெடாமல் இருக்கவேண்டும். தினம் செய்ய யாருக்கு நேரம்? பயிற்சிப் பிள்ளை கையிலுள்ள காசுக்குள் அடங்கவேண்டும். கடைசியாக, சாப்பிட்டபின் தூக்கம் வரக் கூடாது.

பெரிய ஆசையாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற யாரைப் பார்த்தாலும் இடையில் வாயில் போட ஏதாவது வைத்திருந்தார்கள். நடவுக்குப் போகிற பெண்களுக்கு வரப்பில் கஞ்சிக் கலயம் இருந்தது. பனையேறிக்கு இடுப்பில் ஒரு துண்டுக் கருப்பட்டி. கடியப்பட்டணத்திலிருந்து மீன்கூடையைத் தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாக வருகிற பெண்கள், மடியில் அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வைத்திருப்பார்கள். நின்றுகூடத் தின்னமாட்டார்கள், நடை நடக்கும், வாயும் நடக்கும். இங்கிலீஷ் மருந்து கலக்கப் படித்த எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

மரச்சீனியையும் நினைத்துப் பார்த்தேன். காலையில் அவித்தது பதினொரு மணிக்கு விறைத்துப்போகும் என்று தள்ளினேன். உண்மை அதுமட்டும் இல்லை. நான் வயலுக்கு நடுவே பிறந்தவள். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் நெல் பொய்த்த வருஷத்துச் சாப்பாடு. மற்றபடி எதைத் தின்றாலும் அது நெல்லில் போய் முடியும்.

நெல் விளையும் ஊர்க்காரியின் யோசனை

முதலில் அவல். கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து ஒரு சம்புடத்தில் கொண்டுபோனேன்.

"வேண்டாம் அக்கா. வயிறு ஒருமாதிரி இருக்கு," என்றாள் செல்வம்.

அடுத்த நாள் பொரி. "தொண்டையில ஒட்டுது அக்கா." அதற்கடுத்த நாள், விடுதிச் சமையற்காரி அன்னம்மாக்காவைக் கெஞ்சி ஓலைக்கொழுக்கட்டை அவித்தேன். பனையோலை மணக்க மணக்க அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். கண்ணால் ஒரு முறை தின்றாள். பிறகு, "அக்கா, நீங்க தின்னுங்க," என்றாள்.

இந்தக் கதை இப்படியே போகவில்லை. ஒரு நாள் மட்டி வாழைப்பழம் கொடுத்தேன். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் உரித்தால் அறைக்கே மணம். மறுபேச்சில்லாமல் தின்றாள். அன்று பதினொரு மணி ஒன்றும் செய்யாமல் கடந்துபோனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேட்ரன் அம்மாள் பஞ்சுக் குப்பைக்குள் பழத்தோலையும் அதன்மேல் ஈக்களையும் கண்டார். "மருந்தறையில இனிப் பழம் வேண்டாம்," என்றார். நியாயம்தான்.

பிறகு வறுத்த கடலை. அதையும் தின்றாள். ஆனால் கடலையின் சிவப்புத் தொலி பறந்து, காய்ச்சலுக்கு நான் மடித்து வைத்த கொய்னாப் பொடியின்மேல் உட்கார்ந்தது. அத்தனையையும் கொட்டிப் புதிதாக நிறுக்க வேண்டியதாயிற்று.

கொடுக்க முடியாததைத் தின்கிறாள், கொடுக்க முடிந்ததைத் தின்னமாட்டேன் என்கிறாள். நாக்கு நீளமான பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன். அவலையும் பொரியையும் கொழுக்கட்டையையும் ஒரு பக்கம் வைத்து, பழத்தையும் கடலையையும் மறுபக்கம் வைத்து, நடுவில் என்ன வித்தியாசம் என்று நான் யோசிக்கவில்லை. நெல்லுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அரிசி கண்ணில் படாது. எப்போதும் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

இதற்கிடையில் செல்வம் ஒரு முறை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை சீசா கழுவுகிற சாக்கில் குந்தி உட்கார்ந்தாள். இரண்டும் மேட்ரன் அம்மாள் கண்ணில் படவில்லை. எத்தனை நாள் படாமல் இருக்கும் என்பதுதான் பயம்.

உறையை உரித்துத் தின்றவள்

அந்தச் சமயத்தில் என் அம்மா ஒரு தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினாள். வேற்றூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் முந்திரி பேரளவில்தான். வறுத்த சிறுபயற்று மாவையும் தேங்காயையும் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மூன்று நான்கு உருண்டைகளைச் சேர்த்து அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் பொரிப்பது. உறை மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் அது கட்டாயம்.

மாலையில் விடுதி வராந்தாவில் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுப் போனேன். நான் மத்தியான மீதி வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், செல்வம் ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நகத்தால் உறையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். உறையை ஒரு தாளில் ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் வாயில் போட்டாள்.

"ஏட்டி! முந்திரிக்கொத்தை இப்படி உரிச்சுத் தின்னுவாளா ஒருத்தி? அது என்ன சக்கைப் பழமா, சுளையை மட்டும் எடுக்க?"

"உள்ளதான் அக்கா ருசி."

"எங்க அம்மை அந்த உறையைத்தான் பாத்துப் பாத்துப் பொரிச்சிருப்பா. கேட்டா உன்னை வெளுப்பா."

சிரித்தாள். ஆனால் அரிசி பிடிக்காதவள் என்றும் சொல்ல முடியாது. இரவு சோற்றுக்கு மூன்று முறை கை நீட்டினாள். "சோறு மட்டும் இறங்குதோ?" என்றேன். "அது மத்தியானத்துக்குப் பொறவுள்ளதுல்லா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மாலையில் அந்த உறையைத் தின்ன அவளுக்குத் தடை இல்லை, காலையில் மறந்து தின்றுவிடக் கூடாது என்றுதான் உரித்துப் பழகிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுக்களையில் ஒரு பானை

மறுநாள் விடியற்காலையில் அடுக்களைக்குப் போனேன். அன்னம்மாக்கா அரிசி அளந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் அளந்து உலையில் போட்டுவிட்டு, ஒரு பங்கை மட்டும் மூலையிலிருந்த ஒரு தனிப் பானையில் கொட்டினாள்.

"அது ஆருக்குள்ளது அக்கா?"

"செல்வத்துக்குள்ளது. அவ பிடியரிசி."

எங்கள் சபைகளில் பிடியரிசி தெரியாத வீடு கிடையாது. உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்குப் போகும். பல ஊர்களில் சுவர் எழும்பியதே அப்படித்தான். ஆனால் பிடி என்றால் ஒரு பிடி. ஒரு வேளை முழுவதும் இல்லை.

"அப்ப காலையில அவ குடிக்குதது?"

"கஞ்சித் தண்ணி. ஒரு பருக்கை இல்லாம வடிச்சுக் குடுக்கச் சொன்னா. மாசம் ஒருக்கா அவ அண்ணன் வந்து அரிசியைக் கொண்டுபோவான்." அன்னம்மாக்கா என்னைப் பார்த்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிராதே மக்கா. நானும் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கா."

செல்வத்தைக் கிணற்றடியில் பிடித்தேன். வாளியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

அவள் ஊர்க் கோயிலின் ஓலைக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஓடு போடுவதற்காக எல்லா வீட்டிலும் பிடியரிசியைக் கூட்டியிருந்தார்கள். "அங்ஙன எல்லாரும் வயித்தைக் கட்டிக் குடுக்காவ. நான் மட்டும் இங்ஙன விடுதிக் கஞ்சியை முட்டக் குடிச்சா நல்லாவா இருக்கும்? அதான், கூரை ஏறுத வரைக்கும் மத்தியானத்துக்கு முன்னாடி ஒரு அரிசி வாயில போடமாட்டேன்னு நேந்துட்டேன்."

"அதுக்கு அவலு என்னட்டி செய்தது? பொரி என்ன செய்தது?"

"அதும் அரிசிதானே அக்கா? ஒரு கையால கோயிலுக்குக் குடுத்துட்டு, மறுகையால அவலா திரும்ப வாங்கித் தின்னா, சாமியை ஏமாத்துதது இல்லையா?"

கஞ்சித் தண்ணீரில் அரிசி கரைந்துதான் இருக்கிறது என்பது படித்த எனக்குத் தெரியும். அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளிலிருந்து அதையும் விட்டிருப்பாள்.

"மேட்ரன் அம்மாட்ட சொல்லிருவோம் செல்வம். காரணம் தெரிஞ்சா அவங்க…"

"வேண்டாம் அக்கா! அவங்க போதகருக்கு எழுதுவாங்க. போதகர் பிரசங்கத்துல சொல்லுவாரு. சொல்லிட்டுக் குடுத்தா அது காணிக்கையா? தண்டோரால்லா!"

வாக்குக் கொடுத்தேன். (இப்போது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "கூரை ஏறியாச்சுல்லா, எழுதுங்க," என்றாள்.)

மாத்திரைக் கையால் ஒரு பலகாரம்

காரணம் தெரிந்தபின் வழி எளிதாக இருந்தது. செல்வமே நகத்தால் சுரண்டிக் காட்டியிருந்தாள். முந்திரிக்கொத்திலிருந்து உறையைக் கழித்தால் மிஞ்சுவது பயறும் தேங்காயும் கருப்பட்டியும். ஒரு அரிசியும் இல்லை.

மாத்திரை செய்வதற்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: மருந்துப் பொடி, அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை, உருட்டியபின் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே ஒரு தூவல். இதற்கும் அதேதான். சிறுபயற்றை மணம் வரும்வரை வறுத்து, தொலி நீக்கித் திரித்துக்கொண்டேன். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்தேன். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மூன்றாம் நாள் காறும். ஒரு கை எள். வயிற்றுக்குச் சுக்கு. கருப்பட்டியைக் கரைத்து, மல்துணியில் வடிகட்டி மணலை நீக்கிப் பாகு காய்ச்சினேன். தூவலுக்கு வழக்கமாக அரிசிமாவு. அதற்குப் பதிலாகப் பயற்றுமாவையே வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை பாகு இளகிப்போய் எல்லாம் ஒரே கட்டியானது. இரண்டாம் தடவை முறுகிப்போய், அன்னம்மாக்கா ஒன்றை எடுத்துத் தரையில் போட்டுக் காட்டினாள். உருண்டு ஓடியது.

"கொள்ளாம். இதைக் கோலிக்கு வச்சுக்கிடலாம்," என்றாள். "மாத்திரை உருட்டுத கைக்குப் பாகுப் பதம் தெரியாதா மக்கா? விரல்ல தொட்டு இழு. நூலு வந்தா உடனே இறக்கு."

மூன்றாம் தடவை சரியாக வந்தது. ஒரே வாயில் போகும் அளவு. ஓசை இல்லை. உதிரவில்லை. வாய் அகன்ற ஒரு புதுச் சீசாவில் போட்டு மூடினால் எறும்பு இல்லை. கோட்டாற்றில் பயறும் கருப்பட்டியும் வாங்க இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதுமாக இருந்தது. எழுதிக்கேட்ட வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பத்தரைக்கு ஒன்று, பசி தலைக்கு ஏறுவதற்கு முன்னால். ஏறியபின் தின்றால் நான்கு தின்பீர்கள்.

செல்வம் முதல் உருண்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தூவுனது?"

"பயறு."

வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "அக்கா, இதை முன்னயே செய்திருக்கலாம்லா?" என்றாள். அடிக்கலாம் போல இருந்தது.

சீசாவை மருந்தறை மேசையின் இழுப்பறையில் வைத்தேன். மேட்ரன் அம்மாள் பழத்தைத்தானே வேண்டாம் என்றார், உருண்டையைச் சொல்லவில்லையே என்று நானே ஒரு பொருள் செய்துகொண்டேன். பத்தரைக்கு ஆளுக்கு ஒன்று. செல்வம் பிறகு சாயவில்லை. ஜன்னலில் அவள் குரல் கடைசிவரை தெளிவாகக் கேட்டது.

பாத்தும்மாவின் புகார்

கோட்டாற்றிலிருந்து பாத்தும்மா என்று ஒரு பெண் இருமலுக்கு வந்துகொண்டிருந்தாள். கணவர் புளி வியாபாரி. அவளுக்கு எங்கள் மருந்தின்மேல் நம்பிக்கை உண்டு. அதன் கசப்பின்மேல் கோபமும் உண்டு. ஒரு நாள் ஜன்னல் வழியாக, நான் செல்வத்தின் கையில் உருண்டையை வைப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ளே, அது என்ன உருண்டை மருந்து?"

"அது மருந்து இல்லை உம்மா," என்றாள் செல்வம், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"சீசாவில இருந்து எடுத்தா மருந்து இல்லாம பின்ன என்ன? கருப்பட்டி மணக்குது. எனக்கு மட்டும் கசப்புத் தண்ணி, உங்களுக்கு இனிப்பு மருந்தா? எனக்கும் அதுல நாலு தாங்க."

வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. "எனக்கும்," "எங்க பிள்ளைக்கும்," என்று குரல்கள் எழுந்தன. கொடுக்க முடியாது என்றதும் பாத்தும்மா நேரே மேட்ரன் அம்மாளிடம் போனாள். நல்ல மருந்தைக் குட்டிகள் ஒளித்துவைத்துத் தாங்களே தின்கிறார்கள் என்று புகார்.

மேட்ரன் அம்மாள் வந்து இழுப்பறையைத் திறந்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது என்ன எஸ்தர்?"

சேர்மானம் முழுவதையும் சொன்னேன். "இதனாலதான் அம்மா செல்வம் இப்ப விழாம நிக்கா," என்றும் சொன்னேன்.

"கஞ்சி எல்லாவருக்கும் ஒண்ணுதான். அவளுக்கு மட்டும் போதாதா?"

வாக்குக் கொடுத்திருந்தேன். "போதல அம்மா," என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப இந்த ஜோலிக்கு அவ உடம்பு போதாது. விஷம் இருக்குத அறையில ஒரு வாய்ச் சாப்பாடு கூடாது. அது உனக்குப் படிச்சுத் தந்ததுதானே? சீசாவை விடுதியில கொண்டு வை. நாளைக்குச் சந்தை நாள். நான் இங்ஙனயே வந்து இருக்கும். நின்னா நிக்கட்டு. விழுந்தா, அன்னைக்கே எழுதிப்போடும்."

செல்வத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சந்தை நாள்

சந்தைக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏழு மணிக்கே வரிசை வேப்பமரத்தைத் தாண்டியிருந்தது. மேட்ரன் அம்மாள் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. பத்தரை கடந்தது. செல்வத்தின் மேலுதட்டில் வேர்வை பொடித்தது. ஒரு சீசாவை இரண்டு முறை கழுவினாள். விடுதி வராந்தா பின்வாசலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான். உருண்டைச் சீசாவும் அங்கேதான் இருந்தது.

"அம்மா, செல்வத்தை ஒரு நிமிஷம் வெளிய அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"அவ போனா ஜன்னல்ல ஆரு நிக்கும்?"

"நான் நிக்கேன்."

"பின்ன கலக்குதது ஆரு?"

செல்வம் ஒரு கையை ஜன்னல் கம்பியில் ஊன்றியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. அப்போது வரிசையின் முன்னால் வந்து நின்றது பாத்தும்மா.

"புள்ளைக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சே," என்றாள். பிறகு செல்வத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பெரியம்மா! சும்மாதானே இருக்கிய? நீங்க கொஞ்சம் வந்து ஊத்தப்பிடாதா? கையும் காலும் நல்லாத்தானே இருக்கு?"

வரிசை சிரித்தது. மேட்ரன் அம்மாளிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். ஜன்னலுக்கு வந்து செல்வத்தின் கையிலிருந்த அளவுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டுபேரும் வெளிய போய்க் கை கழுவிட்டு வாங்கோ," என்றார், எங்களைப் பார்க்காமல்.

விடுதியிலிருந்து சீசாவை எடுத்துவந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். செல்வம் ஒன்றை மென்று விழுங்கி, இரண்டாவதை வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். முகத்தில் நிறம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளங்காற்று வீசியது. உள்ளேயிருந்து பாத்தும்மாவின் குரல் வந்தது: "அம்மா, பைய… அது என் சீசா இல்ல… ஐயோ, வழியுது, வழியுது!"

"அக்கா, போவமா?" என்றாள் செல்வம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சீசாவைப் படியிலேயே வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனபோது மேட்ரன் அம்மாளின் நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திட்டில் மருந்து குளம் கட்டியிருந்தது.

"குட்டி வந்தாச்சா? அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் பாத்தும்மா. "இந்தம்மா ஒரு சீசாவுக்கு ஒரு ஆயுசு எடுக்காங்க."

செல்வம் தன் இடத்தில் நின்றாள். சீசா வாங்கினாள், முகர்ந்தாள், கழுவினாள், ஊற்றினாள். வரிசை நகரத் தொடங்கியது. மேட்ரன் அம்மாள் நாற்காலியில் சாய்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார்.

"ஏழு மணி தொட்டு நீங்க இப்படியேதானா நிக்கிய?"

"ஆமா அம்மா."

"ஒரு ஸ்டூலு போட்டா என்ன?"

"ஸ்டூல்ல இருந்தா ஜன்னல் எட்டாது அம்மா."

அவர் தலையை ஆட்டினார். "இதுல நின்னா ஆரும் விழும்," என்றார். பிறகு, குரலைச் சற்று உயர்த்தி, "ஞானசெல்வம், பரீட்சைக்குப் படிக்குதியா?"

செல்வம் திரும்பாமலே, "படிக்கேன் அம்மா," என்றாள். ஊற்றிக்கொண்டிருந்த கை ஆடவில்லை.

"படி. நாளை தொட்டு பத்தரைக்கு வார்டுல இருந்து ஒரு நர்ஸ் வந்து ஜன்னல்ல நிக்கும். நீங்க போய்க் கை கழுவிட்டு வரணும்."

"சரி அம்மா."

நான் பொடி மடித்துக்கொண்டிருந்தேன். மேட்ரன் அம்மாள் தொண்டையைச் செருமினார்.

"எஸ்தர், அந்த உருண்டை இன்னும் இருக்கா?"

"இருக்கு அம்மா. சீசாவை இங்ஙன எடுத்துட்டு வரட்டுமா?"

"மருந்தறைக்குள்ளயா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, பின்வாசல் வழியாகக் கை கழுவப் போனார்.